கொசுறில் நடந்து வந்தவர்

அய்யா,

நீ கேட்ட கேசட் என்னிடம்தான் இருக்கிறது. அதை என்னிடம் நேராகக் கேட்காமல் சேத்தூர் சீனியை விட்டுக் கேட்கச் சொன்னாய் பார், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அவன் பைக்கை வாசலில் நிறுத்திவிட்டு, மாங்காய்க் காய்ப்பைப் பற்றிக் கொஞ்சம், மழையைப் பற்றிக் கொஞ்சம், தன் முழங்கால் வலியைப் பற்றி நிறைய என்று பேசிவிட்டுக் கடைசியில், "மதினி, அந்தக் காட்டுப் படக் கேசட்டு..." என்று இழுத்தான். "இருக்கு. அதுக்கு என்ன இப்போ?" என்றேன். அவ்வளவுதான், காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டான். அந்தக் கேசட் இருக்கிற வீட்டில் உட்கார அவனுக்குப் பயம். உனக்கு அந்தப் பயம் கிடையாது, ஏனென்றால் உனக்கு ஒன்றும் தெரியாது. தெரியட்டும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். இதை உன் ஆபீஸில் எல்லோருக்கும் படித்துக் காட்டினாலும் எனக்கு வருத்தம் இல்லை. அதனால் உனக்குத் தெரிந்த விஷயங்களையும் தெரியாதவர்களுக்குச் சொல்வது மாதிரியே சொல்லிக்கொண்டு போகிறேன். பொறுமையாகப் படி.

போன கடிதத்தில் எழுதியிருந்தாய்: உங்கள் கம்பெனி நம்ம காட்டுப் படத்தை சிடியாகக் கொண்டுவரப் போகிறது, தியேட்டரில் வெட்டிவிட்ட பகுதிகளையும் தேடிப் பிடித்துச் சேர்க்கப் போகிறது, ரசிகர்கள் இப்போதே கடிதம் எழுதிக் குவிக்கிறார்கள், அதற்கு போனஸ் என்று பேர் என்று. எங்கள் கடையில் அதற்குப் பேர் கொசுறு. பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நான் வீடியோ கடை நடத்திய காலத்தில் மூன்று மணி நேர கேசட்தான் வரும். படம் அதற்குள் முடிந்துவிடும். மிச்ச டேப்பைச் சும்மா விட்டால் வாடகைக்கு எடுக்கிறவர்களுக்கு மனசு ஆறாது. அதில் வேறு படத்துப் பாட்டு, காமெடி என்று எதையாவது நிரப்பிக் கொடுப்போம். கறிவேப்பிலை கேட்கிற மாதிரி, "படம் கிடக்கட்டும்க்கா, கொசுறுல என்ன இருக்கு?" என்றுதான் கேட்பார்கள். படத்தை விட்டுவிட்டு கொசுறுக்காகவே எடுத்துப் போன ஆட்கள் உண்டு. ஆனால் நம்ம காட்டுப் படக் கேசட்டில் கொசுறு என்று நாங்கள் எதையும் நிரப்பவில்லை. அது தானாக வந்தது.

படத்தின் நிஜப் பேரை நம் ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புக் காட்டில் எடுத்ததால் காட்டுப் படம். காணாமல் போன ஒரு பெண்ணை ஊரே பெட்ரோமாக்ஸ் விளக்குகளைத் தூக்கிக்கொண்டு தேடுகிற காட்சிக்கு ஆள் வேண்டும் என்று மில் வாசலில் வந்து கேட்டிருக்கிறார்கள். உங்கப்பா லீவு போட்டுவிட்டு முதல் ஆளாகப் போய் நின்றார். சினிமா என்றால் சோறு தண்ணி வேண்டாம் அந்த மனுசனுக்கு. நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, தூக்குச்சட்டியில் சாப்பாடு எடுத்துப் பின்னாலேயே போனேன். போய்ப் பார்த்தால் உச்சி வெயில் மண்டையைப் பிளக்கிறது, அந்த வெயிலில் அத்தனை ஆம்பளைகளும் எரிகிற பெட்ரோமாக்ஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். "இது என்ன கூத்து?" என்று கேட்டேன். பகலில் எடுத்து ராத்திரியாகக் காட்டுவார்களாம். கேமராவுக்கு முன்னால் ஒரு நீலக் கண்ணாடியை மாட்டினால் வெயில் நிலா வெளிச்சமாகிவிடுமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் பட்டப்பகலில் விளக்கைப் பிடித்துக்கொண்டு யாரையோ தேடுவது எனக்கு நல்லதாகப் படவில்லை.

வேடிக்கை பார்க்க வந்த எங்களைக் கேமராவுக்குப் பக்கத்தில் கயிறு கட்டி, அதற்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள். விளக்குப் பிடித்தவர்கள் ஒவ்வொருவராகத் தூரத்தில் இருந்த ஒரு பெரிய மரத்தடியில் இருந்து புறப்பட்டு, ஓடையைத் தாண்டி, பெண்ணின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே கேமராவை நோக்கி வர வேண்டும். உங்கப்பா முறை வந்தது. புறப்பட்டார். ஓடையில் கால் வைத்தார். பாதி வழியில் என்னைப் பார்த்துவிட்டார். நீ வேறு என் இடுப்பில் இருந்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு தாவுகிறாய். மனுசன் எல்லாவற்றையும் மறந்துவிட்டு ஒரே சிரிப்பாகச் சிரித்து, "இந்தா வாரேன்" என்றார். அவ்வளவுதான், கேமராவுக்குப் பக்கத்தில் இருந்தவர் 'கட்' என்று கத்தி, உங்கப்பாவை வாய்க்கு வந்தபடி பேசினார். உங்கப்பா அதையும் சிரித்துக்கொண்டேதான் வாங்கிக்கொண்டார். சாப்பிடும்போது, "ஏட்டி, நான் ஒத்தையா வந்தது மொத்தமும் கேமராவில ஏறியிருக்கும்லா?" என்று கேட்டார். ஏறியிருக்கும் என்றேன்.

படம் ஸ்ரீவில்லிபுத்தூர் தியேட்டருக்கு வந்த அன்றைக்கு மில் ஆட்கள் எல்லாம் ஒரே வரிசையில் உட்கார்ந்து பார்த்தோம். தேடுகிற காட்சியில் நீலமாக ஒரு காடு, தூரத்தில் இரண்டு வெளிச்சம், அதோடு சரி. நீளம் அதிகம் என்று வெட்டிவிட்டார்களாம். ஒரு பாட்டில் இரண்டாவது சரணத்தையே காணோம். சீனிதான் அப்போது அந்தப் படத்துக் கதாநாயகனின் ரசிகர் மன்றத்தில் பெரிய ஆள், உங்கப்பாவைக் கூடப்பிறந்த அண்ணன் மாதிரி சுற்றி வருவான். அவன் ஆறுதல் சொன்னான்: "அண்ணே, வெளிநாட்டுக்குப் போற வீடியோ கேசட்டுல ஒண்ணையும் வெட்ட மாட்டாங்களாம். சிங்கப்பூர் பிரிண்ட்ல முழுசா இருக்குமாம். அது வரட்டும்." அன்றிலிருந்து அந்தக் கேசட்டுக்காகக் காத்திருப்பதே ஒரு கட்சி ஆகிவிட்டது. டீக்கடையில் கூடி, இரண்டாவது சரணம் இருக்கும், ஓடைச் சண்டை முழுசாக இருக்கும், கதாநாயகன் சாகிற முடிவும் இருக்கும் என்று பேசிக்கொண்டே இருப்பார்கள். உங்கப்பா ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்கு வேண்டியது சரணமும் இல்லை, சண்டையும் இல்லை. தான் நடந்து வருவதைத் தன் கண்ணால் ஒரு தடவை பார்க்க வேண்டும், ஊர் பார்க்க வேண்டும், அதுதான்.

கேசட் கப்பலேறிவிட்டது என்று சீனி எவனிடமோ கேட்டு வந்து சொன்ன அன்றைக்கு உங்கப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அந்த மரத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சைக்கிளை எடுத்தார். ஐப்பசி மாசம், மலையில் மேகம் கருத்துக் கிடந்தது. "இப்ப என்ன மரம்? மழை வருது, இருங்க" என்றேன். "இந்தா வாரேன்" என்றார். நம் பக்கத்தில் போகிறவர்கள் யாரும் போறேன் என்று சொல்ல மாட்டார்கள், வாரேன் என்றுதான் சொல்வார்கள். அதைச் சொன்ன பிறகு வராமல் இருக்கக் கூடாது, அய்யா. ஓடையில் திடீரென்று வெள்ளம் வந்ததாக ஃபாரஸ்ட்காரர்கள் சொன்னார்கள். சைக்கிள் கிடைத்தது. படத்தில் ஒருத்தியைத் தேடிப் போன அதே மில் ஆட்கள், அதே பெட்ரோமாக்ஸைத் தூக்கிக்கொண்டு, அதே ஓடைக்கரையில் உங்கப்பாவைத் தேடினார்கள். உடம்பு கிடைக்கவில்லை. உடம்பு இல்லாமலே காரியம் செய்தார்கள். நான் எதிலும் கலந்துகொள்ளவில்லை, உன்னை மடியில் போட்டுக்கொண்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்தேன்.

அதன் பிறகுதான் வீடியோ கடை போட்டேன். பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று உன் பெரியப்பாக்கள் குதித்தார்கள். குதிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு அந்த ஒரு கேசட் வேண்டும், அது வருகிற இடத்தில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். சொல்லிவைத்த மாதிரி சீனி ஒருநாள் மஞ்சள் பையில் சுற்றிக் கொண்டுவந்தான். சிங்கப்பூர் பிரிண்ட். இரண்டு பேரும் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தோம். சரணம் இருந்தது. ஓடைச் சண்டை இருந்தது. தேடுகிற காட்சியில் அதே நீலக் காடு, அதே இரண்டு வெளிச்சம். படம் முடிந்து திரையில் புள்ளி புள்ளியாக மழை பெய்தது. சீனி முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போனான். நான் வீடியோ டெக்கை அணைத்துவிட்டு, ரீவைண்ட் பண்ணி, மற்ற கேசட்டுகளோடு அடுக்கில் வைத்துவிட்டேன். அதற்கு மேல் அழ எனக்குத் தெம்பு இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இருந்து இங்கே ஸ்கூலுக்கு வந்துபோவார்களே ஜெபமணி டீச்சர், நினைவிருக்கிறதா? கேசட்டைப் பெட்டியில் போட்டு, பெட்டியைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து தருகிற ஒரே ஆள். ஒரு வார்த்தை கூட்டிச் சொல்ல மாட்டார்கள், குறைத்தும் சொல்ல மாட்டார்கள். அவர்கள் அந்தப் படத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, "ஏம்மா, படம் முடிஞ்ச பொறவு ஒருத்தர் வாராவளே, அவிய யாரு?" என்று கேட்டார்கள். "யாரு டீச்சர்?" என்றேன். "நல்ல வெயில்ல எரியுற பெட்ரோமாக்ஸைத் தூக்கிட்டு ஓடையைத் தாண்டி வாராவ. சிரிக்காவ. வாய் அசையுது, சத்தம்தான் வரல. பக்கத்துல வாரதுக்குள்ள டேப்பு முடிஞ்சிருது." பகலில் எடுத்தார்கள் என்பது படம் பார்த்த யாருக்கும் தெரியாது. அங்கே நின்ற எங்களுக்குத்தான் தெரியும்.

அன்றைக்கு மத்தியானமே ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சீனியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கேசட்டைக் கடைசிவரை ஓட்டிப் போட்டேன். எனக்குப் புள்ளிதான் தெரிந்தது. சீனி நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டான். "மதினி... அண்ணன்" என்றான். "எங்கலே?" "இந்தா, மரத்தடியில நிக்காரு. பொறப்பட்டுட்டாரு. இந்தா, ஓடையில கால வைக்காரு." அவன் விரலைத் திரையில் வைத்துக் காட்டிக்கொண்டே வருகிறான், விரல் மேலே இருந்து மெல்ல மெல்லக் கீழே இறங்கி வருகிறது, விரலைச் சுற்றி எனக்கு வெறும் மழை. அவன் அழுகிறான், சிரிக்கிறான். நான் அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரையின் நடுவில் விரல் வந்தபோது டேப் முடிந்து, டெக் தானே ரீவைண்ட் பண்ண ஆரம்பித்துவிட்டது. "மறுபடி போடு" என்றேன். மறுபடி போட்டோம். திரும்பவும் போட்டோம். நாலைந்து தடவைக்குப் பிறகு சீனி என் கையைப் பிடித்துத் தடுத்தான். "போதும் மதினி. திரும்பத் திரும்ப மொதல்லேருந்து நடக்க விடுதியளே. அண்ணனுக்கு மூச்சு வாங்குது" என்றான். அன்றைக்கு வந்ததுதான் அவனுக்கு அந்தப் பயம்.

எனக்கு மட்டும் ஏன் தெரியவில்லை என்று கேட்காதே. அப்போது தெரியாது, அடுத்தவர்கள் கண்ணை வாங்கிக்கொள்வதைத் தவிர வழியும் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் அந்தக் கேசட்டைத் தூக்கிக் கொடுத்தேன். திருப்பித் தரும்போது நிற்கவைத்து விசாரிப்பேன். என்ன சட்டை போட்டிருந்தார், வேட்டியை மடித்துக் கட்டியிருந்தாரா, எந்தக் கையில் விளக்கு. ராத்திரியில் வந்தார் என்று சொன்னவன் புளுகுகிறான் என்று தெரிந்துவிடும், வெயில் என்று சொன்னவர்கள் நிஜமாகப் பார்த்தவர்கள். வாயசைவைப் பார்த்து, தண்ணி கேட்கிறார் என்றார் ஒருத்தர், யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்றார் இன்னொருத்தர். அவர் என்ன சொல்கிறார் என்பது எனக்கு மட்டும் தெரியும், நான் யாரிடமும் சொல்லவில்லை. உன்னை மட்டும் அந்தப் படம் பக்கமே விடாமல் வைத்திருந்தேன். சின்னப் பிள்ளை, பயந்துவிடுவாய் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் பார்த்துவிட்டார்கள் என்று நீ தரையில் புரண்டு அழுத நாள்கூட உண்டு.

என் கடை ஒழுங்கு உனக்குத் தெரியும். 'ரீவைண்ட் செய்யாத கேசட் வாங்கப்படமாட்டாது' என்று கொட்டை எழுத்தில் போர்டு. ரீவைண்ட் பண்ணாமல் வந்தால் எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்தாலும் கிழித்துத் தொங்கவிட்டுவிடுவேன். ஊரில் மற்ற கடைகளில் எப்படியோ, என் கேசட் எல்லாம் முதல் காட்சியில் இருந்துதான் ஓடும் என்று எனக்கு ஒரு கர்வம். அந்தக் கர்வத்தோடு இருந்த நாளில்தான் ஆட்கள் வேறு மாதிரி சொல்ல ஆரம்பித்தார்கள். முன்னே மாதிரி வேகமாக வரவில்லையாம். விளக்குத் தாழ்ந்துபோய் முழங்காலில் இடிக்கிறதாம். சிரிப்பு இருக்கிறதாம், ஆனால் ஓடையில் நின்று நின்று வருகிறாராம். டீச்சர் இரண்டாம் தடவை எடுத்துப் போனவர்கள், "மெலிஞ்சு போயிட்டாவம்மா" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். எடுத்த படத்தில் இருக்கிற ஆள் எப்படி மெலிவார்? நான் யாரிடம் போய்க் கேட்க?

மூன்றாம் தடவை எடுத்துப் போய்த் திருப்பிக் கொண்டுவந்தபோது டீச்சர் பெட்டியைக் கைக்குட்டையில் இருந்து பிரிக்கவில்லை. இரண்டு கையாலும் நீட்டினார்கள். "ரீவைண்ட் பண்ணலம்மா" என்றார்கள். "நீங்களா டீச்சர்?" என்றேன். "திட்டுறதுனா திட்டிக்கோங்க. அவிய ரொம்பப் பக்கத்துல வந்துட்டாவ. டேப்பு முடிஞ்சா அதுவே திருப்பிருமேன்னு பாதியில நிறுத்தி எடுத்துட்டேன். மறுபடியும் அந்த மரத்தடிக்கே கொண்டுபோய் விட எனக்கு மனசு வரல." எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு தடவையும் மனுசன் பாதி வழி வந்திருக்கிறார், ஒவ்வொரு தடவையும் நான் போர்டு மாட்டி, ஆள் ஆளாக மிரட்டி, திருப்பி மரத்தடிக்கு அனுப்பியிருக்கிறேன். கேசட்டை அப்படியே வாங்கிக்கொண்டேன்.

மத்தியானம் கடையில் யாரும் இல்லை. ஷட்டரை இறக்கிவிட்டு, கேசட்டை அப்படியே டெக்கில் சொருகி ஓடவிட்டேன். புள்ளி இல்லை. எனக்கு முதல் தடவையாகப் படம் தெரிந்தது. நல்ல வெயில். தூரத்தில் அந்த மரம். ஓடை. கரையில் ஈர மணல். ஆள் இல்லை. நான் டிவிக்கு முகத்தை ஒட்டிப் பார்க்கிறேன், எங்கேயும் ஆள் இல்லை. ஓடைத் தண்ணீர் மட்டும், இப்போதுதான் யாரோ கால் எடுத்த மாதிரி, கலங்கித் தெளிந்துகொண்டிருந்தது. பிறகு சத்தம் கேட்டது. பெட்ரோமாக்ஸ் எரிகிற அந்த உஸ்ஸ் சத்தம், மிகப் பக்கத்தில். டேப் முடிந்து டக்கென்று நின்றது. அடுத்த நொடி டெக் தானே ரீவைண்ட் பண்ண ஆரம்பிக்கும் என்பது ஞாபகம் வந்து, பிளக்கைப் பிடுங்கி எறிந்தேன். டிவி அணைந்தது. உஸ்ஸ் சத்தம் அணையவில்லை. கடை முழுக்க மண்ணெண்ணெய் வாடை. நான் திரும்பிப் பார்க்கவில்லை அய்யா, எனக்குத் தைரியம் இல்லை. "சாப்பிட்டீயளா?" என்று மட்டும் கேட்டேன்.

கரண்ட் கொடுக்காமலே டெக்கைப் பிரித்துக் கேசட்டை எடுத்துத் தரச்சொன்னபோது மெக்கானிக் என்னை ஒரு மாதிரி பார்த்தான். அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து பூட்டினேன், பிறகு யாருக்கும் வாடகைக்கு விடவில்லை. சீனியின் மன்றத்து ஆட்கள் வந்து சண்டை போட்டார்கள். விடவில்லை என்றால் விடவில்லை. நீ ஸ்கூல் விட்டு மத்தியானம் சாப்பிட வரும்போதெல்லாம், "ஸ்டவ்வை அணைக்கலையாம்மா?" என்று கேட்பாய், ஞாபகம் வருகிறதா? நம் வீட்டில் அந்த நேரத்தில் ஸ்டவ் எரிந்ததே இல்லை. காலையிலேயே சமைத்து இறக்கிவிடுவேன். நீ கேட்டது உங்கப்பா கையில் இருந்த விளக்கு. கேட்கும்போதெல்லாம், "இந்தா அணைக்கேன்" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்ச் சும்மா நின்றுவிட்டு வருவேன். இத்தனை வருஷமும் வேறு யாரிடமும் சொல்லாமல், அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் சோறு தின்றேன். நான் சந்தோஷமாக இருந்தேன். அதை உன்னிடம் மறைக்க வேண்டியதில்லை.

நீ சென்னைக்குப் போன பிறகு ஒன்று கவனித்தேன். முன்னே நீ உன் பெரியம்மா வீட்டில் இருந்த நாட்களிலும், லீவில் வெளியூர் போன நாட்களிலும் இந்த வீட்டில் சத்தம் கேட்டதே இல்லை. நீ வீட்டில் இருந்தால்தான் மத்தியானம் அது வரும். இப்போது நீ திரும்பி வராமலே இருப்பதாலோ என்னமோ, நீ இல்லாதபோதும் அது போகவில்லை. உன் அறையிலேயே நிற்கிறது. உன் கட்டில் பக்கம் கேட்கும், பிறகு ஜன்னல் பக்கம், பிறகு வாசல்வரை வந்து திரும்பும். தேடுகிறார். எனக்கு அப்போதுதான் அந்த ஓடைக்கரை முழுசாக ஞாபகம் வந்தது. கயிற்றுக்குப் பின்னால் நான் நின்றேன், சரிதான். ஆனால் கையை நீட்டித் தாவியது நான் இல்லையே. 'இந்தா வாரேன்' என்று அந்த மனுசன் சிரித்தது உன்னைப் பார்த்து. என்னைப் பார்த்து என்றே இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் திரையில் புள்ளி மட்டும் தெரிந்ததற்கும் அதுதான் காரணமோ என்னமோ. ஒரு நாள் பூராவும் எனக்கு வயிறு எரிந்தது. உன்மேல் பொறாமைப்பட்டேன், பெற்ற பிள்ளைமேல். மறுநாள் அதுவும் தணிந்துவிட்டது.

நேற்று மத்தியானம் உன் அறை வாசலில் நின்று கேட்டேன். "பிள்ளை மெட்ராசுல இருக்கான். உங்க படத்தை ஊர் பூராவும் பாக்கப் போகுதாம். வெட்டுனதை ஒட்டிப் போடப் போறாங்களாம். போறீயளா?" உஸ்ஸ் சத்தம் செத்த நேரம் தாழ்ந்தது. பிறகு யாரோ பெட்ரோமாக்ஸுக்குக் காற்று அடித்த மாதிரி நன்றாக எழும்பியது. எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து சோறு போட்டவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை, சினிமா என்றதும் கிளம்பிவிட்டார்.

ஆகையால் கேசட்டைக் கொடுத்து அனுப்புகிறேன். சீனிதான் கொண்டுவருகிறான். முதலில் மாட்டேன் என்றான், பிறகு, "அண்ணனை நான் மடியிலேயே வச்சிக் கொண்டுபோறேன் மதினி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். டேப் முழுவதும் ஒரு பக்கச் சக்கரத்தில் இருக்கிறது. உங்கள் வேலைக்கு அதை முதலில் இருந்து ஓட்ட வேண்டும், அதற்கு ரீவைண்ட் பண்ணித்தான் ஆக வேண்டும் என்று எனக்குத் தெரியும், நான் தொழில் செய்தவள். நீ அந்தப் பட்டனை அமுக்குகிற நேரம் எனக்கு இங்கே தெரிந்துவிடும். அதற்காகத் தயங்காதே. படத்தை முழுசாக ஓடவிடு. முடிந்து புள்ளி வரும்போது எழுந்து போய்விடாதே. அவர் வருவார். மெலிந்திருப்பார், பார்த்துப் பதறாதே. உனக்கு அப்பா முகம் தெரியாது. உன் முகம்தான், மூக்கு மட்டும் வேறு. பக்கத்தில் வர வர உனக்குப் பயமாக இருக்கும். இருந்தாலும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள், ஸ்டாப்பை அமுக்காதே. உன்னிடம் ஒருத்தர் வந்துகொண்டிருக்கும்போது பாதியில் நிறுத்தாதே. இதை நீ கேசட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல் நாளைக்கு உன் வீட்டுக்கு வரப்போகிறவளுக்கும் வைத்துக்கொண்டால் எனக்கு நிம்மதி. முடிந்தால் அன்றைக்கு மாதிரி கையையும் நீட்டு, யார் பார்த்தால் என்ன?

உன் ஆபீஸில் இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல். அதை நீலமாக்கி ராத்திரியாக மாற்றிவிட வேண்டாம், அவர் வெயிலிலேயே வரட்டும். கடிதம் எழுதிய ரசிகர்களில் எத்தனை பேருக்கு அவர் தெரிவார், எத்தனை பேருக்குப் புள்ளி தெரியும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. சிடிக்கு ரீவைண்டே கிடையாதாமே, சீனி சொன்னான். அது நல்லதோ கெட்டதோ, நீங்கள் படித்தவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

உன்னோடு கொஞ்ச நாள் இருக்கட்டும். மத்தியானம் உன் அறையில் ஸ்டவ் சத்தம் கேட்டால் பயந்து வீட்டை மாற்றிவிடாதே, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடு. ஹோட்டல் சாப்பாடாக இருந்தாலும் தட்டில் வைத்துச் சாப்பிடு, அவருக்குப் பொட்டலத்தில் தின்றால் பிடிக்காது. உனக்குப் போதும் என்று தோன்றுகிறபோது கேசட்டைக் கடைசிவரை ஓட்டி, பிளக்கைப் பிடுங்கி, எடுத்து, எனக்குத் திருப்பி அனுப்பு. இங்கே உன் அறை இன்று காலையில் இருந்தே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. கடையை மூடியபோது கழற்றிக் கொண்டுவந்த அந்த ரீவைண்ட் போர்டு இன்னும் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. கிடக்கட்டும், உனக்கு அது கிடையாது.

ரீவைண்ட் பண்ணாமல் அனுப்பு, அய்யா. வாங்கிக்கொள்கிறேன்.

அம்மா